குடி மாறுதல்

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்: துறை.
இயந்திரவியல் என்று எழுதி
கோடு போட்டு வெட்டி
மேலே குடிசார் என்று எழுதினேன்.
கிளார்க் மிஸ் கண்ணாடிக்கு மேலால் பார்த்து
"வெட்டினா கையெழுத்து வைக்கணும்" என்றா.
வைத்தேன்.
நாலு வருசத்துக்கு ஒரு சின்னக் கையெழுத்து.

எங்கள் பக்கம் சம்பந்தம் பேச வருகிறவர்கள்
முதலில் கேட்பது என்ன குடி என்று.
அது தாயிடமிருந்து வருவது.
கலியாணம் மாற்றாது, காணி மாற்றாது,
கடல் தாண்டிப் போனாலும் கூடவே வரும்.
நான் மாறினேன்,
திணைக்களத்து மேசையில், நின்ற நிலையில்.
பெரிய மாமி கேள்விப்பட்டு
"குடிசாரா, அது எந்தக் குடி கா?" என்று சிரித்தா.
அம்மா சிரிக்கவில்லை.
பேராதனைக்குப் போய் வந்த பஸ் காசை
அவ இன்னும் கூட்டிக்கொண்டிருந்தா.

காரணம் கேட்டால் பெரிதாய் ஒன்றும் இல்லை.
மண் கூப்பிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.
பட்டம் முடிந்து இரண்டரை வருசத்தில்
எனக்கு வாய்த்த இயந்திரங்கள்:
சம்மாந்துறையில் ஒரு அரிசி மில்லின் பெல்ட்,
ஐஸ் வாடி கம்பிரெசர் ஒன்று,
சித்தப்பாவின் தண்ணிப் பம்பு.
ரிம்ஸான் கட்டாரில் ஏசிக் குழாய் பூட்டுகிறான்.
என்னைப் போக விடவில்லை,
நானும் சண்டை பிடித்துக் கேட்கவில்லை.
இங்கே காசு இறங்குவது வீதிக்கும் மதகுக்கும்.
ஆள் காணாது, எடுத்தார்கள்.
சம்பளம் பாதி. பதவிக்கு முன்னால் 'உதவி'.

ஆயித்தியமலைப் பக்கம், பதினோராம் மதகு.
முதல் நாள் காற்சட்டைப் பையில்
பழக்கத்தில் வேர்னியர் கிடந்தது.
நான் படித்த உலகம்
ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாய் அரிந்து
அதில் ஒரு துண்டுக்கு மல்லுக்கட்டும்.
டிலக்சன் ஒரு கண்ணை மூடி நூலைப் பார்த்து
"ஒரு விரல் ஏத்தம் மிஸ், பரவாயில்லை" என்றான்.
எந்த விரல் என்று கேட்டேன்.
மூன்று நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

மண்ணுக்கு உதிரிப்பாகம் கிடையாது, கையேடு கிடையாது.
மேலே மணல், ஒரு முழத்தில் களி,
அதற்கும் கீழே பெக்கோ வாளி நிறைய
யாரோ எப்போதோ பதுங்கிய குழியின்
கறுத்துப்போன பனங்குற்றிகள்.
ஜௌபர் பெக்கோவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.
நான் வரைபடத்தைப் பார்த்தேன்.
அதில் அவை இல்லை.
அன்றைக்கு வேலை அவ்வளவுதான்.

தட்டுக்குக் கொங்கிறீட் போட்ட அன்று
அரைவாசியில் மிக்ஸர் நின்றது.
இருமின விதத்திலேயே தெரிந்தது,
டீசல் குழாய்க்குள் காற்று.
ஸ்பனர் கேட்டு வாங்கி
திருகைத் தளர்த்தி, நுரை போகப் பம்பி,
திரும்ப இறுக்க ஏழு நிமிடம்.
ஓடியது. கை தட்டினார்கள்.
எனக்கு வெட்கமாய் இருந்தது,
வேண்டாம் என்று வந்த வீட்டில்
சாப்பிட்டுக் கை கழுவின மாதிரி.
"இது தெரிஞ்ச ஆள் ஏன் மிஸ் இஞ்ச வந்தீங்க?"
டிலக்சன்தான் கேட்டான்.
மறுகா சொல்றன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.

இயந்திரம் ஆளியைப் போட்டதும் சொல்லிவிடும்.
மதகு வாய் திறக்காது.
ஆணியால் திகதி கீறி வைத்த கட்டிகளில்
ஏழாம் நாள் ஒன்றை உடைத்தோம்: காணாது.
இருபத்தெட்டாம் நாள் இன்னொன்று:
மட்டுமட்டாய்க் காணும்.
அந்த மட்டுமட்டோடு கார்த்திகை வரை நித்திரை கொண்டேன்.

உன்னிச்சைக் கதவுகள் திறந்த இரவு
டோர்ச்சும் மழைக்கோட்டுமாய்ப் போனேன்.
மூன்று வாயில் ஒன்றை ஆற்றுவாழை அடைத்திருந்தது.
மற்ற இரண்டும் மூச்சு வாங்கின.
குப்புறப் படுத்து, ஓரத்தால் கையை இறக்கினேன்.
தட்டின் அடிக்கும் தண்ணிக்கும் நடுவில் இரண்டு விரல்.
என்னுடைய விரல்.

வட்டைக்குப் பசளை ஏற்றிய உழவு மெஷின்
வெளிச்சம் போட்டபடி அங்கால் நின்றது.
"மிஸ், வரலாமா?"
பெட்டியில் மூடைகளை எண்ணினேன்,
ஒருக்கா, பிறகு இன்னொருக்கா.
வாங்க என்றேன்.
விலகாமல் தட்டின் ஓரத்திலேயே நின்றேன்.
உள்ளங்காலில் ஒரு நடுக்கம் ஏறியது.
இஞ்சினுடையது.
மதகு பேசாமல் இருந்தது.