ஐந்தாவது தடவை

முதலில் அவள் கேட்டது எடையை அல்ல.
நானாகத்தான் காட்டினேன், குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய தாளை:
காலை ஆறு, பதினைந்து மில்லி.
ஒன்பது, எட்டு மில்லி, வாந்தி.
பன்னிரண்டு, பூஜ்யம்.
வட்டிக்காரி மாதிரி
ஒரு சொட்டு விடாமல் எழுதிய பதினோரு மாதக் கணக்கு.
மர்யுக்கா முழுவதும் படித்தாள்.
பிறகு ஈரக் காலுறையோடு
சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஓட்சோ என்றால் கரடி.
இருபத்தாறாம் வாரத்தில் வந்த
எண்ணூற்றுத் தொண்ணூறு கிராமுக்கு
தூக்கா வைத்த பெயர்.
கடையில் ஒரு கிலோ சர்க்கரையை எடுத்தால்
இன்னமும் என் கை அதை மார்போடு சேர்க்கிறது.

அந்த வாய்க்குள் முதலில் போனது பால் இல்லை.
குழாய்.
இன்னொரு குழாய். சளி உறிஞ்சி.
பிளாஸ்டரைப் பிய்த்த கையுறை விரல்.
'வந்தவர் ஒருவரும் கதவைத் தட்டவில்லை.
இப்போது நீ கரண்டியோடு நிற்கிறாய்.
எதற்குத் திறக்க வேண்டும்?'

சுருக்கென்றது.
'நீங்களே ஊட்டிக் காட்டுங்கள்' என்று நீட்டினேன்.
அவள் வாங்கவில்லை.
'நான் ஊட்டினால் ஒருவேளை சாப்பிடுவான்.
சாயங்காலம் நான் ஔலுவுக்குப் போய்விடுவேன்,
அறுபது கிலோமீட்டர், பனி வேறு.
இங்கே இருக்கப்போவது நீயும் அவனும்.'

என் கைப்பேசியை ரொட்டிப் பெட்டியில் சாய்த்து
ஒன்பது நிமிடம் பதிவு செய்தாள்.
பிறகு சத்தத்தை அணைத்துவிட்டுச் சேர்ந்து பார்த்தோம்.
ஒரு பெண் கரண்டியை விமானமாக்குகிறாள்.
சிரிக்கிறாள், கண்ணைத் தவிர.
'இங்கே நிறுத்து.'
குழந்தையின் விரல்கள் விறைத்து விரிந்திருந்தன.
'இங்கே.' புருவத்தைச் சுற்றிச் சிவப்பு.
'இங்கே.' முகம் ஜன்னல் பக்கம்.
'இங்கே.' நாக்கு மேலேறி அடைத்த மதகு.
நான்கு தடவை போதும் என்றிருக்கிறான்.
ஐந்தாவது தடவைதான் அழுதிருக்கிறான்.
இத்தனை நாளும் என் காதில் விழுந்தது
ஐந்தாவது மட்டும்.

'அது உன் தப்பில்லை.
மானிட்டர் அலறினால் மட்டும் திரும்பிப் பார்க்க
நாங்கள்தானே வார்டில் பழக்கினோம்'
என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.
நானல்ல, அவள்.

அப்புறம் கேட்டாள்,
இந்த மேசையில் உட்கார்ந்து நீ எப்போது சாப்பிட்டாய்?

பாத்திரத் தொட்டி முன்னால் நின்று
அவன் துப்பிய கூழைத் தின்கிறேன்.
தூக்கா மர ஆலை வாசலில், காருக்குள்.
இந்த வீட்டில் ஒருவர் மென்று விழுங்குவதை
என் பிள்ளை பார்த்ததே இல்லை.

வீட்டுப்பாடம் தந்தாள்:
ஊட்டாதே. சாப்பிடு.
அவன் கைக்கு எட்டும் தூரத்தில், நிஜமான பசியோடு.
வயிற்றுக் குழாய் வழியே பால் போகட்டும்,
பட்டினி கிடக்க மாட்டான்.
கணக்கு இனி என் பாடு என்று
தாளை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.
கதவில் வெள்ளையாய் ஒரு சதுரம்.

முதல் நாள் ரை ரொட்டி எனக்கே இறங்கவில்லை.
நான்காம் நாள் என் தாடையைப் பார்த்தான்.
ஏழாம் நாள் வெண்ணெயில் கைவிட்டுத்
தலையில் தேய்த்துக்கொண்டான்.
ஒன்பதாம் நாள் பழையபடி அழுகை,
கரண்டி ஒன்று கண்ணில் பட்டதற்கே.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றோ,
எழுதி வைக்கவில்லை,
மீன் சூப்பில் இருந்தேன்,
வேலைக்குத் திரும்பும் தேதி மனசில் ஓட
அவனை உண்மையிலேயே மறந்து.
ஈர விரல் ஒன்று என் உதட்டை விலக்கி உள்ளே வந்தது.
கீழ்ப் பற்களைத் தடவியது.
கன்னத்தில் ஒதுக்கியிருந்த உருளைக்கிழங்கை
வழித்துக்கொண்டு வெளியேறியது.
விரலைப் பார்த்தான்.
நக்கினான்.
சதகுப்பை வாசத்துக்கு ஒரு முகச் சுளிப்பு.

நான் கை தட்டவில்லை. தூக்காவைக் கூப்பிடவில்லை.
அந்தக் கை மறுபடி வருமோ என்று
வாயைத் திறந்தபடி
காத்திருந்தேன்.