கம்பம் எண் 214

பாறை விளிம்பில் மூன்று சிறு பள்ளங்கள்.
எத்தனையோ பேருடைய முக்காலிகள்
ஒரே இடத்தில் ஊன்றி ஊன்றித் தோண்டியவை.
என் முக்காலியும்
பூட்டுக்குள் சாவி போவதுபோல் போய் உட்கார்ந்தது.
அருவி, கடல், எதிர்த்தீவின் கொம்பு,
பத்து நொடியில் பாலாகிவிடும் தண்ணீர்.
வீட்டுக்கு வந்து பார்த்தால்
இது நான் எடுத்ததா
சமையலறை நாட்காட்டியில் ஏற்கெனவே தொங்குவதா
எனக்கே தெரியவில்லை.

"அழகா இருக்கு" என்றாள் நாத்தனார் பியார்ட்டா,
பாத்திரம் கழுவிக்கொண்டே,
திரும்பாமல்.

ஏழு வருடம் இப்படி,
சனி ஞாயிறு மட்டும் கலைஞர்.
மற்ற நாட்களில் மின் நிறுவனத்துக்காகக்
கம்பம் கம்பமாக நடக்கிறவள்.
இந்த ஃபாரோ தீவில்
என் பங்குக்கு நானூற்றுப் பதினொன்று.
ஒவ்வொன்றையும் ஆண்டுக்கொரு படம் எடுக்க வேண்டும்.
எண் தெரிய வேண்டும், பீங்கான் தெரிய வேண்டும்,
அடிமரம் அழுகியிருந்தால் கிட்டப் போய் இன்னொன்று.
அழகைப் பற்றி விதிமுறையில் ஒரு வரியும் இல்லை.

பிப்ரவரியில் புயல். வெளியே போக முடியாத மூன்று நாள்.
பழைய படங்களை எண்வாரியாக அடுக்கச் சொன்னான் ஹோக்னி.
214-ஐத் திறந்தேன்.
பதினொரு வருடம், ஒன்றன்பின் ஒன்றாக.

கம்பம் கிழக்கே சாய்ந்துகொண்டே போகிறது.
மேல்காற்றுக்கு உருவமில்லை என்று யார் சொன்னது?
பின்னால்,
நான் ஒருநாளும் பார்க்காத பின்னால்,
கல்வேலி இடிகிறது.
இடிந்த வழியில் ஆடுகள் தடம் போடுகின்றன.
மறுவருடம் அந்தத் தடத்தில் தண்ணீர் ஓடுகிறது.
ஒரு சிவப்புக் கூரை கறுத்து
பிறகு கூரையே இல்லை.
ஒரு படத்தில் ஓரமாக என் கட்டைவிரல்.
இன்னொன்றில் மூடுபனி;
எண் பலகை தவிர உலகமே கிடையாது.
செல்லாது, மறுபடி எடுக்கவும் என்று எழுதியிருந்தார்கள்.
எடுத்திருக்கிறேன்.
அதிலும் மூடுபனி.

அந்த சனிக்கிழமை முக்காலியை வீட்டில் வைத்துவிட்டு
214-க்குப் போனேன்.
கம்பியின் முனகல் மரத்தில் இறங்கி
கைவைத்த உள்ளங்கையில் கேட்டது.
நாலடி தள்ளி நின்று
கம்பம் சாய்ந்த அளவுக்கே
கேமராவையும் சாய்த்தேன்.
கம்பம் நிமிர்ந்துவிட்டது.
கடல் சரிந்தது, மலை சரிந்தது,
புல் முழுவதும் ஒரு பக்கமாக வழுக்கிப் போனது.
இங்கே நிற்பதென்றால் இப்படித்தான்.
நானும் காற்றுக்கு எதிரே சாய்ந்துதான்
இத்தனை வருடம் நேராக நடந்திருக்கிறேன்.

பிறகு 37, 38, சுடுகாட்டுமேட்டில் 290.
ஒவ்வொன்றுக்கும் அதனதன் சாய்வு.
தொடுவானம் எந்த இரண்டிலும் ஒத்துப்போகவில்லை.

பியார்ட்டா இந்த முறை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.
தலையை ஒருபக்கம் சாய்த்தாள். மறுபக்கம் சாய்த்தாள்.
"கடல் கொட்டிடாதா?" என்றாள்.
அழகாக இருக்கிறதென்று சொல்லவில்லை.

ஏப்ரலில் 214-ஐப் பிடுங்கிவிட்டார்கள்.
புதுக் கம்பம், தார் வாசனை மாறாமல்,
எந்தப் பக்கமும் சேராமல் நிற்கிறது.
வேலைக்காக ஒரு படம் எடுத்தேன்.
எண் தெரிகிறது. பீங்கான் தெரிகிறது.
இடிந்த வேலியும் ஓடையும்
சட்டத்துக்குள் கச்சிதமாக வந்து உட்கார்ந்திருக்கின்றன.
இந்த முறை பின்னால் இருப்பதைப் பார்த்துவிட்டேன்.
அதனாலோ என்னவோ
படம் சரியாக வரவில்லை.