படத்தில் விழாதது

பதினெட்டாம் நம்பர் காட்டில்
பனி விலகாத நேரம்.
முதலில் வாடை வந்தது,
பிறகு மூச்சு,
பிறகுதான் மாடு.
காட்டெருமைக்கு என்மேல் கோபம் ஒன்றுமில்லை.
அதன் வழியில் நின்றிருந்தேன், அவ்வளவுதான்.
கூடையோடு என்னைத் தூக்கி
சில்வர் ஓக் மரத்தில் சாத்திவிட்டுப் போனது,
வேண்டாத சாமானை ஓரமாய் வைப்பதுபோல.

கோத்தகிரி ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள்.
வெளிச்சத்தில் பிடித்து
ஒவ்வொன்றாய் எண்ணினார் சின்ன டாக்டர்.
"எலும்பெல்லாம் சரியா இருக்கும்மா."
மாத்திரை, தைலம், மூன்று வாரம் ஓய்வு.

வனத்துறைப் படிவத்தில் ஒரு கட்டம்:
எலும்பு முறிவு, ஆம் அல்லது இல்லை.
வனக்காப்பாளர் பெள்ளி
'இல்லை'யில் கோடு போட்டார்.
நல்ல கை அவருக்கு. நேரான கோடு.

நெஞ்சுக்குள் டக் என்றது.
படுத்தால் டக். புரண்டால் டக்.
குனிந்து செருப்பு மாட்டினால் டக்.
லைன் வீட்டுச் சுவர் அரைச்செங்கல்.
"ராத்திரியெல்லாம் என்னடி
தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறக்குற?"
என்றாள் அடுத்த வீட்டுப் பூவாயி.

சவரிநாதன் காது வைத்துக் கேட்டார்.
கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில்
என் நெஞ்சில் அவர் காது பட்டது அன்றுதான்.
"ஏதோ இருக்கு" என்றார்,
கள்ளனைக் கண்டுபிடித்தவர்போல.

இருமலை விழுங்கப் பழகினேன்.
சிரிப்பு வந்தால் எழுந்து வெளியே போனேன்.
தும்மல் ஒன்றுதான் சொன்ன பேச்சுக் கேட்காது.
முப்பது கிலோ பறித்தவள்
பதினொன்றில் நின்றேன்.
மேஸ்திரியும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார்.
"எலும்பு நல்லாத்தானே இருக்கு?"

ஏழாம் மாதம், ஊட்டியில்.
வியாழன்தோறும் கீழேயிருந்து ஏறி வரும்
டாக்டர் ரெஹானா படம் கேட்கவில்லை.
விலா விளிம்பின் அடியில்
விரலைக் கொக்கிபோல் மாட்டி
லேசாக இழுத்தார்.
டக்.
"கேட்டுச்சு" என்றார்.
அழுதுவிட்டேன். வலியால் இல்லை.

குளிர்ந்த பசை தடவி, கருவியை வைத்து,
மூச்சை இழு, விடு என்றார்.
திரையில் இரண்டு சாம்பல் நுனிகள்
வழிவிட மனமில்லாமல்
ஒன்றையொன்று உரசி ஏறி இறங்கின.

"குருத்தெலும்பு. அந்தப் படத்தில் விழாது."

குருத்தும் கொழுந்தும் எங்களுக்கு ஒன்றுதான்.
இன்று கிள்ளினால்
பத்தாம் நாள் வந்து நிற்கும்,
கிள்ளினவளையே மறுபடி கூப்பிடும்.
"தானா வளர்ந்துக்காதா டாக்டர்?"
"பேருதாம்மா குருத்து."

நைந்த நுனிகளைச் சீவினாராம்.
நேராய்ச் சேர்த்து, தகடு ஒன்றைச் சாத்தி,
நூலால் சுற்றிச் சுற்றிக் கட்டினாராம்.
அதில் திருகாணி மட்டும் நம்பி நிற்காதாம்,
சுரைக்காயில் ஆணி அடித்த கதையாம்.
நர்சரியில் என் மகள் எஸ்தர்
ஒட்டுக் கட்டுவாள். அதே வேலை,
அதைவிடச் சின்ன இடம்.

முதல் ராத்திரி வலித்தது,
மாடு இடித்ததைவிட.
ஆனால் சத்தம் இல்லை.
சத்தம் இல்லாததையே
விடியும்வரை கேட்டுக் கிடந்தேன்.

பெள்ளி மறுபடி வந்தார், புதுத் தாளோடு.
கட்டம் பழசுதான்.
பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார்.
ஆமுக்கும் இல்லைக்கும் நடுவே
பொடி எழுத்தில் எழுதினார்: குருத்தெலும்பு.
மேலே போயிருக்கிறது. பதில் இல்லை.

இப்போது எனக்கு ஃபேக்டரியில் வேலை,
சலிக்கும் அறை.
சுமை இல்லை, தூசிதான்.
போன செவ்வாய், மூக்கின் அடியில் ஒன்று கிளம்பியது.
பழக்கத்தில் கை நெஞ்சுக்குப் போனது.
கண்ணை மூடினேன்.
வந்தது, போனது.
ஒரு டக்கும் இல்லை.

மூன்றாம் சல்லடையிலிருந்து
தலை நிமிராமலே பூவாயி
"நூறு" என்றாள்.

இன்னொன்று வரும்போல் இருந்தது.
கையை எடுத்துவிட்டு
நின்றேன்.