முன்பே இருந்த நோய்

முத்துக்கடையில் பஸ் இறங்கி
நேராக வீட்டுக்கே வந்துவிட்டார் எத்திராஜ்,
பின்னாலேயே மூச்சு வாங்க தனகோட்டி.
ஜவுளிக்கடைப் பைக்குள் கம்பெனியின் விடைக் கடிதம்,
நாலு ஏஜென்ட்டுகள் திணித்த நாலு வண்ணத் தாள்.
நாலிலும் அதே நரைத்த தம்பதி
கடலோரம் நின்று சிரிக்கிறார்கள்.
"இதுங்களுக்கு இன்னா வியாதின்னு
இப்டி சிரிக்குதுங்க?" என்றார்.

டைம் ஆபீசில் இருபத்தாறு வருஷம்
அவர் அட்டையைக் கூட்டிக் கழித்தவள் நான்.
மூன்று நிமிஷத் தாமதத்துக்கு
அரை நாள் பிடித்திருக்கிறேன்.
அந்தக் கடனோ என்னவோ
இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில்
அதே ஆட்களுக்குப் படிவம் நிரப்பித் தருகிறேன்.
காசு வாங்குவதில்லை. டீ மட்டும் அவர்கள் செலவு.

சூப்பர்வைசர் ஆக்கிய மாதம்
சம்பளம் வரம்பைத் தாண்டியது,
இ.எஸ்.ஐ. கையைவிட்டுப் போனது.
அன்று லட்டு கொடுத்தார் எத்திராஜ்.
நானும் இரண்டு சாப்பிட்டேன்.
அப்புறம் வந்தது கம்பெனியின் குரூப் பாலிசி.
அதுவும் இந்த முப்பத்தொன்றாம் தேதி
நள்ளிரவு வரைதான்.
இன்று இருபது.

"எது மலிவு?" என்கிறார்.
மலிவானதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன்.
எறும்பு எழுத்தில் இருந்தது:
அறை வாடகை இவ்வளவுக்கு மேல் கிடையாது,
பில்லில் ஐந்தில் ஒரு பங்கு உங்கள் தலையில்,
முட்டிக்கு இரண்டு வருஷம் பொறுக்க வேண்டும்.
நம் ஆஸ்பத்திரி அவர்கள் பட்டியலில் இருக்கிறதா
என்று விரலை வைத்துத் தேடினேன்.
வேலூரைத் தேடினால்
வேறு எந்த மாநிலத்திலோ ஒரு வேலூர் வந்தது.

பழைய பாலிசிக்காரனிடமே
தனி ஆளாகத் தொடர முடியுமா,
இதுவரை கட்டிய வருஷங்களைக் கணக்கில் எடுப்பானா
என்று ஒரு கடிதம் எழுதினேன்.
நகல் எடுத்து, தேதி போட்டு, ரசீது வாங்கு,
வாய்வார்த்தை வேண்டாம் என்றேன்.
இ.எஸ்.ஐ. ஆபீசிலும் திங்கட்கிழமை கேட்டுவிடு.
இல்லை என்று அவர்கள் சொல்லட்டும்,
நாமே சொல்லிக்கொள்ள வேண்டாம்.

பிறகு ஏழாம் கேள்வி வந்தது.
முன்பே இருந்த நோய் உண்டா?

"இல்லைன்னு போடும்மா."
சொல்லி முடிக்குமுன் இருமல் வந்துவிட்டது.
பஃபிங் செக்ஷன் இருமல். எனக்குத் தெரியும்.
தோல் தூள் பறக்கும் அந்தக் கொட்டகைக்குள்
கையெழுத்து வாங்கப் போகும்போதெல்லாம்
முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டுதான் போவேன்.
அவருக்கு முந்தானை இல்லை.
கம்பெனி கொடுத்த துணி முகமூடி
வருஷத்துக்கு இரண்டு.

முன்பே என்றால் எதற்கு முன்பே?
கேட்டுக்குள் நுழைந்த நாளில்
மார்பளவு அளந்து, நெஞ்சு சுத்தம் என்று
டாக்டர் எழுதிய சீட்டை
ஃபைலில் குத்தியவளே நான்தான்.
படிவத்தில் அதற்கு இடம் இல்லை.
ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.
கீழே விவரம் எழுத
அரை விரல்கடை நீளத்துக்கு ஒரு கோடு.

"பொய் போட்டால்
கட்டுற வரைக்கும் வாங்கிப்பான்,
கேக்குற அன்னிக்குத்தான் கண்டுபிடிப்பான்" என்றேன்.
ஆம் என்பதில் டிக் செய்தேன்.
கோட்டில் பொடியாக எழுதினேன்,
கோடு தீர்ந்து ஓரத்துக்கு ஏறி
ஏஜென்ட் முத்திரைக்கான கட்டத்துக்குள்ளும் எழுதினேன்.

அதுவரை பேசாமல் இருந்த தனகோட்டி
டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.
"ரெண்டு பேருக்கும்னா எவ்ளோ ஆவும்?"
சொன்னேன்.
"அவுருக்கு மட்டும் போடு.
எனக்கு ஒண்ணும் இல்ல, கல்லு மாதிரி கீறேன்."
படி ஏறும்போது
இரண்டு கையாலும் முட்டியை அழுத்தி
அவள் ஏறியதைப் பார்த்திருந்தேன்.

எத்திராஜ் என்னைப் பார்த்தார்.
அவளைப் பார்க்கவில்லை.
கடலோரத் தம்பதியைக் கவிழ்த்து வைத்தார்.
"அவ பேர மொதல்ல எழுது" என்றார்.

எழுதினேன்.
பிறந்த தேதி கேட்டேன்.
இருவருக்கும் தெரியவில்லை.
பாலாற்றில் தண்ணி வந்த வருஷம் என்றாள் அவள்,
எந்தத் தண்ணி என்றார் அவர்.
ஆதாரை எடுத்துவரக் கிளம்பினார்கள்.
பேனா மூடியை மூடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.
பதினொரு நாள் இருக்கிறது.