அடி வண்டல்

பீரையெல்லாம் புட்டியில் அடைத்து முடித்த பிறகு
பிளாஸ்டிக் பீப்பாயின் அடியில் ஒரு விரற்கடை வண்டல் நிற்கும்.
களிமண் நிறம், ரொட்டிக்கடை வாசனை.
கொதித்து ஆறிய நீரை அதில் ஊற்றி
கேஸ் சிலிண்டர் உருட்டுகிற மாதிரி
பீப்பாயை விளிம்பில் நிறுத்திச் சுழற்றுவேன்.
இருபது நிமிடம்.
ஹாப்ஸ் கசடு கீழே போய்விடும்.
மேலே பால்போல் மிதப்பது ஈஸ்ட்.
அதை மட்டும் சாய்த்து ஜாடிக்கு மாற்றி
மூடியை இறுக்காமல் வைக்க வேண்டும்.
தூங்கும்போதும் அது மூச்சு விடும்.

பல்லாரட்டில் ஜூலை. கராஜுக்குள் நாலு டிகிரி.
பீப்பாய்க்குச் சூட்டுப் பட்டை கட்டி
மேலே என் கம்பளிக் கோட்டைப் போர்த்தியிருப்பேன்.
பகலெல்லாம் கிளினிக்கில் பிறர் காதில் கருவி மாட்டி
‘சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள்’ என்பவள்
ராத்திரியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து
ஒரு குமிழிக்காகக் காத்திருப்பேன்.
ப்ளக்.
ஒன்பது வினாடி.
ப்ளக்.
அழுத்த என்னிடம் பொத்தான் இல்லை.

நாச்சியப்பனும் நானும் பிரிந்தபோது
வக்கீல் பட்டியல் போட்டார்.
கார், சோபா, காபி மெஷின்,
வீட்டுக் கடனில் மிச்சம்,
யாருக்கும் வேண்டாத ஒரு டிரெட்மில்.
ஜாடி பட்டியலில் இல்லை.
அது ஃப்ரிட்ஜில் தோசைமாவுக்குப் பின்னால்
‘நாலாவது, ஜூலை’ என்று
அவன் கையெழுத்தை ஒட்டிக்கொண்டு நின்றது.
பெட்டிகள் வண்டியில் ஏறிய பிறகு
திரும்பி வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தான்.
எதையும் எடுக்காமல் நின்றான்.
இன்னொரு ஜாடியைக் கழுவி நீட்டினேன்.
கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்துப் பார்த்து
பாதிக்குப் பாதி ஊற்றினான்.
ஒன்பது வருடத்தில் சண்டையில்லாமல்
நாங்கள் பங்கு போட்டது அது ஒன்றுதான்.

அவன் ஹார்ஷம் போனான், தானியக் கிடங்கு வேலைக்கு.
எனக்கு ஐந்தாவது நன்றாக வந்தது. ஆறாவதும்.
ஏழாவதில்
மேலே சுருக்கம் விழுந்து சாம்பல் பூத்த ஓர் ஆடை.
முகர்ந்தேன். ஊறுகாய் ஜாடி.
புளிப்பது அதன் குணம், குற்றம் சொல்ல முடியாது.
நேற்றைய மோரில் ஒரு கரண்டியை
அப்படியே உறை ஊற்றிப் பழகிய கை என்னுடையது.
எங்கோ ஏதோ ஒன்றைச் சரியாகக் கழுவவில்லை.
இருபத்துமூன்று லிட்டரையும் கராஜ் வாசலில் சாய்த்தேன்.
பக்கத்து வீட்டு நாய் மோந்து பார்த்துத்
தும்மிவிட்டுப் போனது.

கடையில் புதுப் பொட்டலம் ஏழு டாலர்தான்.
தெரியும்.
பதினோரு மாதம் கழித்து எழுதினேன்:
‘ஈஸ்ட் இருக்கா?’
நடுராத்திரி பதில் வந்தது.
‘ஒன்பதாவது ஓடுது. ஆனா இப்ப வேற மாதிரி ஆயிருச்சு.’

அராரட்டில் ஒரு பெட்ரோல் பங்க்.
அவனுக்கும் எனக்கும் ஏறக்குறைய பாதி வழி.
ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.
புருவத்தில் கோதுமைத் தூசு.
‘பதினெட்டுக்கு மேல ஏற விடாத,
வாழைப்பழ வாசம் அடிக்குது.’
சரி என்றேன்.
ஒரு பாக்கெட் சிப்ஸை என் கார் பானெட்டில் பிரித்து வைத்தோம்.
பாதியைக் காற்று தின்றது.

தெளிந்த கள்ளுக்குத் தேறல் என்று பழைய பெயர்.
தேறுவது என்றால் தெளிவது.
காய்ச்சலிலிருந்து எழுவது.
முப்பத்தைந்து மார்க்கில் தப்பிப்பது.
கராஜில் ஸ்டூலில் இதை யோசித்துக்கொண்டிருந்தபோது
ப்ளக்.
மூன்று வினாடி.
ப்ளக்.

புட்டியில் அடைத்து, வண்டலைக் கழுவி,
பேனாவோடு ஜாடிமுன் நின்றேன்.
அவன் கணக்கில் பத்து.
என் கணக்கு ஏழோடு கராஜ் வாசலில் முடிந்துபோனது.
எண்ணை விட்டுவிட்டு
தேதியை மட்டும் எழுதினேன்.

முதல் புட்டியை நேற்றுத் திறந்தேன்.
பதினெட்டைத் தாண்ட விடவே இல்லை, சத்தியமாக.
இருந்தும் கொஞ்சம்
வாழைப்பழ வாசனை.