பதினெட்டு டிகிரி

ரங்கப்பிள்ளை வீதியில் மழை நின்ற மத்தியானம்.
மூன்று பெட்டிகளைத் திறந்து வைத்தாள் பிலோமினா.
வாசலில் தார்ப்பாய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

முதல் பெட்டியில் இரண்டு பீங்கான் குச்சிகள்,
கவட்டைபோல விரிந்து நின்றன.
கத்தியை நேராகப் பிடித்துக் கீழே இழுத்தால் போதும் என்றாள்.
நேராக.
அந்தச் சொல்லை மனசுக்குள் ஒருமுறை உருட்டிவிட்டு
பெட்டியை மூடினேன்.

இரண்டாவதில் காந்தம் கத்தியைப் பிடித்துக்கொள்ளும்,
பக்கத்தில் உருளை ஓடும்.
கறிகாய்க் கத்திக்கு அழகு.
என் மடக்குக் கத்தியின் அலகோ விரலகலம்;
விளிம்பு காந்தத்துக்குக் கீழேயே பதுங்கிக்கொண்டது.
உருளை அதைத் தேடி
போவதும் வருவதுமாக இருந்தது,
ஆள் இல்லாத வீட்டில் தட்டுகிறவன் மாதிரி.

மூன்றாவது:
ஒரு கவ்வி, ஒரு நீளக் கம்பி, நாலு கல்,
கோணம் வைக்க ஒரு திருகு.
விலை, பதினொரு மின்விசிறி மாட்டுகிற கூலி.

"எதை வாங்குறதுன்னாலும் முதல்ல இதைப் பாருங்கண்ணே"
என்று என் கத்தியை வாங்கி
விளிம்பு நெடுகக் கறுப்பு மார்க்கரால் பூசினாள்.
"நீங்க எப்பவும் தீட்டுற மாதிரியே தீட்டுங்க."

மேஜைமேல் ஒரு சாணைக்கல்.
நாலு இழுப்பு இந்தப் பக்கம், நாலு அந்தப் பக்கம்.
அலகின் தோளில் மை போயிருந்தது.
வெட்டுகிற ஓரத்தில், மயிரிழை அகலத்துக்கு,
கறுப்பு அப்படியே இருந்தது.

பதினொரு வருஷம்.
ஒயர் உரித்த ஒவ்வொரு ராத்திரியும் உட்கார்ந்து
கரைக்குப் பக்கத்திலேயே தேய்த்திருக்கிறேன்,
கரையைத் தொடவேயில்லை.

என் கையைப் பார்த்தாள்.
பிறகு மழையைப் பார்த்தாள்,
நின்றுபோன மழையை.

நாற்பத்தொரு நாள் ஆகிறது.
திருப்பத்துக்குத் திருப்பம் கடை இருக்கிற ஊரில்
திரும்பாமல் நடக்கிறேன்.
வாய் கணக்கை முடித்துவிட்டது,
கை இன்னும் வட்டி கட்டுகிறது.

முத்தியால்பேட்டையில் வீடு.
பெட்டியைப் பார்த்து செர்மேன் கேட்டாள்:
"கல்லுக்கா இவ்வளவு காசு?"
"கல்லுக்கு இல்ல. கோணத்துக்கு."
"கோணலை நிமித்த எவ்வளவுன்னு
கேட்டுட்டு வந்திருக்கலாமே"
என்று சொல்லிவிட்டு
விளக்கை எனக்காக இந்தப் பக்கம் திருப்பி வைத்தாள்.

கவ்வி வழுக்காமல் இருக்க அலகின் முதுகில் டேப்.
மறுபடி மார்க்கர்.
இருபதில் வைத்தேன், மை தோளில் போனது.
திருகைக் கொஞ்சம் இறக்கினேன்.
பதினெட்டில், ஓரம் முழுக்க
மை ஒரே வீச்சில் வெளுத்தது.

முரட்டுக் கல் முதலில்.
பிடியில் கை ஆடுகிறது.
கம்பி தன் துளை வழியாக
போன பாதையிலேயே போய், வந்த பாதையிலேயே வருகிறது.
என் நடுக்கம் கம்பியில் ஏறி
ஒரு சின்னக் கிறுகிறு சத்தமாக மட்டும் வெளியே போனது.
எத்தனை இழுப்பு என்று எண்ணவில்லை;
மறுபக்கம் பிசிறு எழும்வரை என்றிருந்தாள்.
எழுந்தது.
விரல் வைத்தால், சேலையில் சிக்கும் உடைந்த நகம்போல.

முனைப்பக்கம் கோணம் கொஞ்சம் மாறும்,
கவ்வி நடுவில் பிடிப்பதால்.
அதையும் முன்னாடியே சொல்லியிருந்தாள்.
மாறட்டும் என்று விட்டேன்.
கடைசிக் கல் முடியும்போது தெருவில் நாய்கூட இல்லை.

காலையில் வைத்திக்குப்பத்தில் வேலை,
மாடி அறைக்குப் புது லைன்.
ரெண்டரை ஒயரைச் சுற்றி கத்தியை ஒரு வட்டம்,
அழுத்தவில்லை.
சிவப்பு உறை கழன்று மடியில் விழுந்தது.
செம்பை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
ஒரு இழையிலும் கீறல் இல்லை.

கத்தியை மடக்கிப் பையில் போட்டேன்.
வீட்டுக்காரர் காபி கொண்டுவந்தார்,
விளிம்பு வரைக்கும்.
இரண்டு கையாலும் வாங்கினேன்.