ஆறாவது டிஸ்க்

ஷார்ஜா ரோலாவில், மலையாளி கடையில்
பதினைந்து திர்ஹத்துக்குப் பேரம் பேசி
பெட்டியோடு வாங்கிவந்தான் ஜெஸ்டின்.
பழைய துப்பறியும் தொடர். ஆறு டிஸ்க்.
ஆறாவதில் கீறல்.

கொலையாளி யாரென்று சொல்லப்போகும் நேரம்
வாய் திறந்தபடி உறைந்துபோவார் துப்பறிபவர்,
மீசை சதுரம் சதுரமாக உடைந்து.

வெள்ளிக்கிழமைகளில் அங்கிருந்துதான்
நாங்கள் தொடங்குவோம்.
தோட்டக்காரன் என்பான் சீனி முகமது.
டாக்டர்தான், அந்தக் கையுறையைப் பார், என்பேன்.
கிரேன் ஓட்டும் பர்னபாஸ்
தன் ஃபோர்மேன் பெயரைச் சொல்வான்,
எல்லாக் கொலைக்கும்.

போன மாதம்
கீறலில்லாத ஆறாவது கிடைத்தது.
அன்றைக்குப் பார்த்து
பாத்திரம் கழுவப் போய்விட்டான் ஜெஸ்டின்.
எனக்குத் தூக்கம் வந்தது.
பர்னபாஸுக்கு ஊருக்குப் பேச வேண்டியிருந்தது.

அரிசி மூட்டைமேல் கிடக்கிறது,
உறை பிரிக்காமல்.